கண்டிச் சீமையின் பாட்டுப் பிரசுரங்கள்: ஒரு மறுநோக்கு

மலையகத் தமிழிலக்கிய ஆய்வில் வாய்மொழிப் பாடல்கள் பெற்ற மதிப்பை, தோட்டப்புறங்களில் அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டுப் பிரசுரங்கள் பெற்றில. முன்னவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தார். பின்னவற்றின் வரலாற்றைச் சாரல்நாடன் போன்றோர் தேடி எழுதியபோதிலும், அவை கலையென்ற நிலையில் வைத்து நோக்கப்பட்டமை குறைவு. யாப்புப் பிழை மலிந்தவை, இரவல் மெட்டில் அமைந்தவை என்று கூறி அவற்றைக் கடந்து செல்வது எளிது. இத்தீர்ப்பு மீள்பரிசீலனைக்குரியது.

ஒரு பாடல் எவருக்கு, எவ்வழியில் விற்கப்படுகின்றது என்பது அதன் வடிவத்தையும் நிர்ணயிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பியானோ இசையமைப்பாளர் தம் ஆக்கத்தைப் பதிப்பாளருக்கு விற்றார். பதிப்பாளர் அதனைப் பியானோ உள்ள நடுத்தர வர்க்க இல்லங்களுக்கு விற்றார். ஷோபின் தமது ஆக்கங்களைப் பாரிஸ், லைப்சிக், இலண்டன் நகரங்களின் பதிப்பாளருக்குத் தனித்தனியே விற்றார். இலண்டன் பதிப்பாளரான வெசல் விற்பனை கருதி அவற்றுக்குக் கவர்ச்சிப் பெயர்களைத் தாமே சூட்டியதும், ஷோபின் அதனை வெறுத்ததும் அறியப்பட்டவை. எனினும் அங்கு விற்பனையானது சுரக்குறிப்பு. வாங்கியோர் அதனைப் பார்த்து வாசிக்க வல்லோர்.

தோட்ட மக்கள் கண்டிச் சீமை என வழங்கிய மலைநாட்டில் நிலைமை வேறு. பாட்டைக் கட்டியவரே அச்சுக்கூலி கொடுத்தார்; அவரே மக்கள் கூடுமிடங்களில் பாடினார்; அவரே சில சதங்களுக்கு விற்றார். கேட்டோருள் எழுத்தறியாதோர் பலர். செவிவழி வந்த பாட்டின் நினைவுக்காகவே அவர்கள் தாளை வாங்கினர் எனலாம். ஆகவே பாட்டின் தலைப்பில் இன்ன பாடலின் மெட்டு என அச்சிடப்பட்ட ஒற்றை வரி அலங்காரமன்று. இரவல் வாங்கியதற்கான ஒப்புதலும் அன்று. சுரக்குறிப்பின் இடத்தை அவ்வரியே நிரப்பியது. அதனை நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் சீர்பிரித்துப் பார்ப்பது, பாட்டின் பாதியை மறைத்துவிட்டு மறுபாதியைக் குறைகூறுவதாகும்.

இக்குற்றச்சாட்டு புதிதுமன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் தமது நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிச் சென்றபோது, அதிலுள்ள இலக்கணப் பிழைகளை எண்ணி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கியதை உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பாரதியார் பாடக் கேட்டு மனம் நெகிழ்ந்த பின்னரே பிள்ளையவர்கள் பாயிரம் அளித்தார். தாளில் உறுத்திய பிழை செவியில் உறுத்தவில்லை.

மெட்டு மட்டும் போதுமோ எனின், போதாது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் வெளியிட்ட கோப்பிக் கிருஷிக் கும்மி, தொழிலாளர் நன்கறிந்த கும்மி வடிவில் அமைந்தும், அதில் ஒலிப்பது தோட்ட நிருவாகத்தின் குரலே. (கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் தலைகாட்டியதும் அதே ஆண்டில்தான்.) மீனாட்சியம்மாள் நடேசய்யர் 1940இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ இதற்கு மறுதலையானது. முந்திய ஆண்டில் இந்தியத் தினக்கூலித் தொழிலாளர் அரசாங்க வேலைகளினின்று நீக்கப்பட்டிருந்தனர். தொழிலாளர் கூட்டங்களில் தாமே நின்று பாடிய மீனாட்சியம்மாளின் பாட்டில், கேட்டோர் தமக்குப் பழகிய மெட்டில் தம் வழக்கையே கேட்டனர். இவ்விரு நூல்களுக்கும் இடையிலான வேறுபாட்டை யாப்பு நூலைக்கொண்டு அளத்தல் இயலாது.

அம்மெட்டுகளை அறிந்த தலைமுறை அருகி வருகின்றது. மூலப்பாடல் மறக்கப்பட்டபின் மெட்டு வரி வெறும் பெயராகிவிடும். பிரசுரங்களைத் தேடுவோர் தாளோடு நின்றுவிடாது, ஹட்டனிலும் புசல்லாவையிலும் அவற்றைப் பாட வல்ல முதியோரின் குரலையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும்.