மூளைப் பயிற்சி முதியோரின் மனச்சோர்வைப் போக்குமா?

தஞ்சை வட்டாரத்து ஊர் ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். மேட்டூர் அணை திறந்த செய்தி கேட்டதுமே, கல்லணையைத் தாண்டித் தம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும் என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்ன தாத்தா ஒருவர் அங்கே இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அவர் வயல் பக்கம் போவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக் கொள்கிறார். சோற்றில் விருப்பமில்லை. ஒன்று கேட்டால் விடை வர நேரமாகிறது. "வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது" என்கிறார்கள் வீட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு வருகிறான். புதிய கைபேசி ஒன்றை வாங்கி, அதில் "மூளைப் பயிற்சி" விளையாட்டு ஒன்றையும் ஏற்றிக் கொடுக்கிறான். "தினமும் அரை மணி நேரம் ஆடுங்கள் தாத்தா, மூளை சுறுசுறுப்பாகும், மனமும் தெளியும்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இந்தத் தாத்தா நமது கற்பனையே. ஆனால் இவரைப் போன்ற ஒருவரை நீங்கள் நிச்சயம் அறிந்திருப்பீர்கள். பேரனின் அன்பில் குறையில்லை. அவன் நம்பிய விளம்பரத்தில் உண்மை எவ்வளவு என்பதே நம் கேள்வி. அதைச் சற்று ஆராய்வோம்.

மறதியா, நோயா?

மனச்சோர்வு என்பது வெறும் வருத்தம் அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள்தோறும், மனம் வாடியிருப்பதும், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமின்மையும் அதன் முக்கிய அறிகுறிகள். தூக்கம் கெடுதல், பசியின்மை, களைப்பு, "நான் யாருக்கும் பயனில்லை" என்ற எண்ணம் ஆகியவை உடன் வரும். முதியவர்களில் பலர் "மனம் சரியில்லை" என்று சொல்வதில்லை. "உடம்பு வலிக்கிறது, தூக்கமில்லை" என்றே சொல்வர். ஆகவே நோய் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இந்தியாவில் முதுமை பற்றிய தேசிய ஆய்வு ஒன்று 2017-18 ஆம் ஆண்டுகளில் நடைபெற்றது. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல் அதில் கலந்து கொண்டனர். 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரிடம் கடுமையான மனச்சோர்வுக்கான அறிகுறிகள் காணப்பட்டன. ஆனால் "எனக்கு இந்நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார்" என்று கூறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இந்த இடைவெளியை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

பயிற்சியின் பின்னுள்ள கருத்து

மூளைப் பயிற்சி என்ற கருத்தை முற்றிலும் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. முதுமையில் வரும் மனச்சோர்வில், திட்டமிடுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், வேண்டாத எண்ணத்தை ஒதுக்குதல் ஆகிய திறன்கள் பலருக்குக் குறைகின்றன. இவை நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியைச் சார்ந்த திறன்கள். இவை குன்றிய முதியோருக்கு மனச்சோர்வு மருந்துகள் குறைவாகவே பலனளிப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அப்படியானால், அந்தத் திறன்களையே பயிற்சியால் வலுப்படுத்தினால் சோர்வும் தணியுமா? இது நல்ல விஞ்ஞானக் கேள்விதான்.

அமெரிக்காவில் சாரா மோரிமோட்டோவும் அவருடைய குழுவினரும் இதனைச் சோதித்தனர். மருந்துக்கு இணங்காத மனச்சோர்வு கொண்ட முதியோருக்கு 4 வாரங்கள் கணிப்பொறிப் பயிற்சி அளித்தனர். 12 வாரம் மருந்து உட்கொண்டவர்களுக்குக் கிடைத்த அளவு பலன் இவர்களுக்கும் கிடைத்தது என்று 2014 இல் அறிவித்தனர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 11 பேர்! ஒப்பிடப்பட்ட 33 பேரோ முன்பு நடந்த சிகிச்சையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். மேலும், பயிற்சிக்காக ஒருவர் தவறாமல் வருகிறார், அவரை ஊக்குவிக்க ஓர் ஆளும் இருக்கிறார் என்றால், தேறியதற்குக் காரணம் கணிப்பொறியா, அந்த ஆளா? இத்தகைய ஆய்வு ஒரு வழியைக் காட்டும், முடிவைக் காட்டாது.

நாற்றங்காலும் நடவு வயலும்

நாற்றங்காலில் நாற்று பச்சென்று நிற்பதைக் கண்டு எந்த விவசாயியும் விளைச்சலைக் கணக்கிட மாட்டார். பறித்து நட்ட வயலில் அது வேர் பிடிக்க வேண்டும். மூளைப் பயிற்சியிலும் இதுவே சோதனை. விளையாட்டில் வளர்ந்த திறன் வாழ்க்கையில் வேர் பிடிக்கிறதா?

பிரிட்டனில் ஏட்ரியன் ஓவன் குழுவினர் பி.பி.சி. தொலைக்காட்சியின் துணையுடன் 11,430 பேருக்கு ஆறு வாரம் கணிப்பொறியில் பயிற்சி அளித்து, 2010 இல் முடிவை வெளியிட்டனர். எந்த விளையாட்டில் பழகினார்களோ அதில் முன்னேறினார்கள். பழகாத சோதனைகளில், அவை பழகியவற்றுக்கு நெருக்கமானவையாக இருந்தும், முன்னேற்றம் தென்படவில்லை. ஆனால் இவர்கள் அனைவரும் 60 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முதியோரிடம் நடந்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் 1998 இல் தொடங்கியது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,832 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நினைவுப் பயிற்சி, ஒன்றுக்குத் தர்க்கப் பயிற்சி, ஒன்றுக்குக் கணிப்பொறியில் வேகப் பயிற்சி என அளித்து, நான்காம் பிரிவை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தனர். அவரவர் பயின்ற திறன் அவரவருக்கு வளர்ந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு தர்க்கத்திலும் வேகத்திலும் பலன் எஞ்சியிருந்தது, நினைவில் எஞ்சவில்லை. வேகப் பயிற்சி பெற்றவர்களிடம் சோர்வு அறிகுறிகள் முற்றுவது சற்றுக் குறைந்திருந்ததாகவும் பின்னர் கண்டனர். இது நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் இவர்கள் தம் காரியங்களைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்ந்த முதியோர்; மனச்சோர்வுக்காகச் சிகிச்சை தேடி வந்தவர்கள் அல்லர். ஒருவருக்குச் சோர்வு வராமல் காப்பது வேறு. வந்த சோர்வைக் குணப்படுத்துவது வேறு.

இந்த வேறுபாடுகளை விளம்பரங்கள் சொல்வதில்லை. "லுமோசிட்டி" என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை நடத்திய நிறுவனம், முதுமை மறதியைத் தடுக்கலாம் என்பது போன்ற ஆதாரமற்ற உறுதிமொழிகளைத் தந்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016 இல் அந்நிறுவனம் 20 லட்சம் டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

விளையாட்டு தொடாத இடங்கள்

இப்போது நம் தாத்தாவிடம் திரும்புவோம். கைபேசியில் எழுத்து சிறிது, கண்ணில் புரை. கட்டளைகள் ஆங்கிலத்தில். பள்ளிக்கூடம் காணாத பாட்டியின் நிலை இன்னும் கடினம். நொடிகளை எண்ணிக்கொண்டு "தோல்வி" என்று காட்டும் திரை, "நான் பயனற்றவன்" என்று ஏற்கெனவே எண்ணுகிறவருக்கு எதைச் சொல்லும்? நீங்களே யோசியுங்கள்.

இதைவிடப் பெரிய வினா ஒன்று உண்டு. தாத்தாவின் சோர்வு எங்கிருந்து வந்தது? இதற்கு ஓரளவு விடை தரும் ஆய்வு நம் மாநிலத்திலேயே உள்ளது. டெல்டாவில் அன்று, வேலூருக்கு அருகே கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில். அங்கே 65 வயதைக் கடந்த 1,000 முதியோரை ஆராய்ந்து 2009 இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் மனச்சோர்வு காணப்பட்டது. குறைந்த வருமானம், பசி, நீரிழிவு, இதய நோய், பழைய தலைக்காயம் ஆகியவை உள்ளவர்களிடம் சோர்வு அதிகம். மனம்விட்டுப் பேச ஆள் உள்ளவர்களிடமோ மிகக் குறைவு.

இந்த ஆய்வையும் நாம் கேள்வியின்றி ஏற்கக் கூடாது. ஒரே காலத்தில் எடுத்த கணக்கு இது. பேச ஆளில்லாததால் சோர்வு வந்ததா, சோர்ந்தவர் பேசுவதை நிறுத்தியதால் ஆள் இல்லாமல் போயிற்றா என்பதை இது பிரித்துக் காட்டாது. இருப்பினும் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பசியையோ, சர்க்கரை நோயையோ, பேச ஆளில்லாமையையோ எந்த விளையாட்டுச் செயலியும் தொடுவதில்லை!

டெல்டாவில் இவற்றோடு வேறு சிலவும் சேர்ந்திருக்கின்றன. அறுவடை இயந்திரம் வந்த பின் கதிர் அரிவாள் பிடித்த முதியோருக்கு வேலையும் இல்லை, வயலில் கூடிப் பேசும் துணையும் இல்லை. பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதியில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. எழுபது வயதில் புதிய கன்றை ஊன்றி, அது காய்க்கும்வரை காத்திருக்க வேண்டிய மனிதரின் துயரம், மூளையின் வேகக் குறைவால் வந்தது அன்று.

கோவாவில் செய்தது

ஆள் பேசினால் பலன் உண்டா? இதனைக் கோவாவில் முறையாகச் சோதித்தனர். லேசான சோர்வு அறிகுறிகள் உள்ள 60 வயதைக் கடந்த 181 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவினரை, மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் சந்தித்தனர். அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது, தூக்கத்தைச் சீராக்குவது, நீரிழிவு போன்ற நோய்களைக் கவனிப்பது, அரசு உதவிகளைப் பெறுவது ஆகியவற்றில் துணை நின்றனர். ஓர் ஆண்டில் அப்பிரிவின் 91 பேரில் 4 பேருக்கும், மற்றப் பிரிவின் 90 பேரில் 13 பேருக்கும் கடுமையான மனச்சோர்வு வந்தது. 2019 இல் வெளியான இந்த ஆய்வும் சிறியதே. ஆனால் ஒப்பீடு நேர்மையானது. அளந்ததும் விளையாட்டின் மதிப்பெண்ணை அன்று, நோயையே.

நாம் செய்யக் கூடியது

முன்பு சொன்ன இடைவெளியை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு அறிகுறி. கண்டறியப்பட்டது ஒருவருக்கும் குறைவு. இங்கேதான் செயலியின் உண்மையான தீங்கு இருக்கிறது. விளையாடுவதால் கேடில்லை. "ஏதோ செய்துவிட்டோம்" என்ற நிம்மதியில் ஓர் ஆண்டு கழிந்துவிடுவதுதான் கேடு. மனச்சோர்வு சிகிச்சையால் தணியக் கூடிய நோய். கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கக் கூடியது.

2021 இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளுடன் பணியாளர்கள் வீடு தேடி வருகின்றனர். அவர்கள் இரண்டே கேள்விகளைக் கேட்கலாம். அதுவரை நீங்களே கேட்கலாம். "இந்த இரண்டு வாரமாக மனம் வாடியிருக்கிறதா? எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா?" ஆம் என்றால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவும் சில மருந்துகளும்கூட இதே தோற்றத்தைத் தரும். அவர் அதையும் பார்ப்பார். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

விளையாட்டு விற்பவர் வந்தால் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? யாரோடு ஒப்பிட்டீர்கள்? வளர்ந்தது மதிப்பெண்ணா, அவர்கள் வாழ்க்கையா? தக்க விடை தந்தால் வாங்குங்கள். சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

பேரன் வாங்கித் தந்த கைபேசியும் வீணல்ல. அதில் அவன் வாரம் மூன்று முறை தாத்தாவைக் கூப்பிட்டு, "தண்ணீர் கல்லணைக்கு வந்துவிட்டதாம், நம் வாய்க்காலுக்கு என்றைக்கு வரும்?" என்று கேட்கட்டும். அவர் விடை சொல்ல நேரமானால் காத்திருக்கட்டும்.