சிரிப்பும் காதலும் ஒரே ஊற்றிலிருந்து: நண்பர் கூட்டத்து சிட்காம்கள் குறித்து

அரை மணி நேரத் தொலைக்காட்சி நகைச்சுவைக்கு, அதாவது சிட்காமுக்கு, நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. வாரம் ஒரு சிக்கல் முளைக்கும். கதை முடிவதற்குள் தீர்ந்துவிடும். அடுத்த வாரம் எல்லோரும் பழையபடியே வந்து நிற்பார்கள். கருமி கருமியாகவே இருந்தால்தான் அடுத்த வாரமும் அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். காதலுக்கு இந்த வசதி கிடையாது. மனம் திறந்து பேசிவிட்ட இருவர் மறுவாரம் ஒன்றும் நடக்காததுபோல எதிரெதிரே உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள். ஆட்களை மாறாமல் வைத்திருக்கும் வடிவத்துக்குள், ஆட்களை மாற்றிவிடும் ஒரு விஷயத்தை எப்படிக் கொண்டுவருவது? நண்பர் கூட்டத்தை நடுவில் வைத்து வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் சிட்காம்கள் இந்தக் கேள்விக்குத் தத்தம் வழியில் பதில் தேடியிருக்கின்றன.

விளம்பரங்கள் போக ஓர் எபிசோடுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். அதில் சிரிப்புக்கு இவ்வளவு, காதலுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிப்பதைத்தான் சமநிலை என்று பலரும் சொல்கிறார்கள். கனமான காட்சி ஒன்று வந்தால் பின்னாலேயே ஒரு சிரிப்பு வரவேண்டும் என்பது அந்தக் கணக்கு. நல்ல தொடர்களை ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவரின் எந்தக் குணத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோமோ, அதே குணம் அவருடைய காதலுக்கும் குறுக்கே நிற்கிறது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வரும்போது பங்கு பிரிக்கவேண்டிய தேவையே எழுவதில்லை. ஊற்று வேறுவேறானால் எத்தனை கவனமாகப் பிரித்தாலும் ஒட்டுவதில்லை.

முன்னோடி: ஒரு மதுக்கடை

இந்த வகைக்கு வழிகாட்டியது 1982 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சியர்ஸ்’. க்ளென் சார்ல்ஸ், லெஸ் சார்ல்ஸ் சகோதரர்களும் இயக்குநர் ஜேம்ஸ் பர்ரோஸும் உருவாக்கியது. இடம் பாஸ்டன் நகரத்து மதுக்கடை. நடத்துபவன் சாம் மலோன். பேஸ்பால் ஆட்டத்தை விட்டவன், குடியை விட்டவன், பெண்கள் விஷயத்தில் தன்னை யாரும் மறுக்கமாட்டார்கள் என்று நம்புபவன். அங்கே பணிப்பெண்ணாகச் சேர்பவள் டயான் சேம்பர்ஸ். பேராசிரியர் ஒருவரால் கைவிடப்பட்ட, படித்த, படிப்பைப் பிறர் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும் பெண்.

முதல் சீசன் முழுவதும் இருவரும் வாயாடிக்கொண்டே இருக்கிறார்கள். சாமின் வீம்பும் டயானின் மேட்டிமையும்தான் நகைச்சுவை. இருவரையும் சேரவிடாமல் தடுப்பவையும் அவையே. வெளியிலிருந்து வில்லன் யாரும் வரவேண்டியதில்லை. 1983இல் முதல் சீசன் முடியும்போது அவர்கள் முத்தமிட்டுக்கொள்வதும் ஒரு பெரிய சண்டையின் உச்சத்தில்தான். சண்டை எப்போது காதலானது என்று கோடு கிழிக்க முடியாதபடி அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் பார்வையாளர் எண்ணிக்கையில் அடிமட்டத்தில் கிடந்த தொடர் 11 சீசன் ஓடியது. 1987இல் டயானாக நடித்த ஷெல்லி லாங் விலகினார். 1993 மே மாதக் கடைசி எபிசோடில் டயான் திரும்பி வந்தும் இருவரும் சேரவில்லை. பத்தாண்டு சிரித்துச் சிரித்துப் பழகிய நமக்கு அவர்கள் ஏன் சேர முடியாது என்பது யாரும் விளக்காமலே தெரிந்திருந்தது.

சேர்ந்தால் கதை முடியுமா?

‘சியர்ஸ்’ ஓடிய அதே காலத்தில் ஏபிசியில் ‘மூன்லைட்டிங்’ வந்தது. ஒரு மணி நேரத் துப்பறியும் நகைச்சுவை; சிபில் ஷெப்பர்டும் புரூஸ் வில்லிஸும் நடித்தது. 1987இல் இருவரையும் சேர்த்துவைத்தார்கள். 1989இல் தொடர் நின்றது. காதலர்களைச் சேர்த்தால் தொடர் செத்துவிடும் என்று தொலைக்காட்சி உலகம் அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டது; அது இன்றுவரை ஓதப்படுகிறது.

அந்தப் பாடம் தவறானது. அந்த ஆண்டுகளில் தொடரின் படப்பிடிப்பு ஓயாமல் தாமதமானது. ஷெப்பர்ட் கருவுற்றிருந்தார். வில்லிஸ் ‘டை ஹார்ட்’ படத்துக்குப் போனார். உருவாக்கிய க்ளென் கார்டன் கேரன் விலகினார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வந்தது. நாயகனும் நாயகியும் ஒன்றாகத் திரையில் வருவதே அரிதாகிப்போன தொடரின் வீழ்ச்சிக்கு அவர்கள் சேர்ந்ததைக் காரணமாக்குவது நியாயமில்லை. ஆனாலும் அந்த அச்சம் நிலைத்தது. காரணமே இல்லாமல் காதலர்களைப் பிரித்துவைக்கும் எத்தனையோ கதைகளுக்கு அது வித்திட்டது.

‘சைன்ஃபெல்ட்’ (1989–1998) வேறு பாதையில் போனது. கட்டியணைப்பதும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது என்பது லாரி டேவிட் அதன் எழுத்தாளர்களுக்கு வைத்த விதி. முன்னாள் காதலர்களான ஜெர்ரியும் எலெய்னும் இரண்டாம் சீசனில் ஓர் எபிசோடில் நெருங்குகிறார்கள். பிறகு தொடர் அந்த உறவை வளர்க்கவில்லை. ஜெர்ரியின் நண்பன் ஜார்ஜுக்கு நிச்சயிக்கப்பட்ட சூசன், அழைப்பிதழ் உறைகளின் மலிவான பசையை நக்கி இறக்கிறாள். காதலை அடியோடு விலக்கினால் நகைச்சுவைக்கு எவ்வளவு கூர்மை கிடைக்கும் என்பதற்கு அந்தத் தொடர் சான்று. அதன் முக்கிய நண்பர்கள் நால்வருக்காகவும் நாம் ஒருமுறைகூடக் கலங்கியதில்லை என்பதும் அதே தேர்வின் விளைவு.

காபிக் கடையும் தோழியின் வேலையும்

1994 செப்டம்பர் 22 அன்று ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடங்கியது. டேவிட் க்ரேனும் மார்ட்டா காஃப்மனும் உருவாக்கியது. 10 சீசன், 236 எபிசோட். இந்தக் களத்தில் முதலில் வந்தது இதுவல்ல. ஓராண்டு முன்பே, 1993 ஆகஸ்டில், இவெட் லீ பவுசர் உருவாக்கிய ‘லிவிங் சிங்கிள்’ புரூக்ளினில் வாழும் ஆறு கறுப்பின நண்பர்களின் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தது. வழக்கறிஞர் மேக்ஸும் பங்குத் தரகர் கைலும் ஒருவரையொருவர் வசைபாடியே காதலை மறைத்துக்கொள்ளும் காட்சிகள் எந்தத் தொடரின் சிறந்த காட்சிகளோடும் வைத்துப் பேசத் தகுந்தவை. வரலாறு எழுதுபவர்கள் அதைத் தாண்டிப் போவது அநீதி.

‘ஃப்ரெண்ட்ஸ்’ நிகழ்த்திய சாதனை, காதலர்களைச் சுற்றி நிற்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. நம் அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் தனியாகக் காதலிப்பதில்லை. தோழியும் பாங்கனும் கூடவே நிற்கிறார்கள். தோழி தலைவனைப் பழித்துப் பேசுவாள். பொறுக்கமாட்டாமல் தலைவி அவனுக்காகப் பரிந்து பேசுவாள். தோழி சீண்டாவிட்டால் தலைவியின் மனம் வாய் திறந்திருக்காது. நியூயார்க் காபிக் கடையில் நண்பர்கள் செய்வதும் இந்த வேலையைத்தான். கேலி செய்கிறார்கள், ஒட்டுக்கேட்கிறார்கள், ரகசியத்தை உளறுகிறார்கள். அவர்களால் நாம் சிரிக்கிறோம்; அவர்களாலேயே காதலும் நகர்கிறது.

இது எத்தனை தூரம் போகும் என்பதைக் காட்டுவது 1997 பிப்ரவரியில் வந்த எபிசோட். கூட்டத்துக் காதலர்களான ராஸும் ரேச்சலும் பிரிகிறார்கள். தோழி மோனிகாவின் வரவேற்பறையில் இரவெல்லாம் சண்டை, கெஞ்சல், அழுகை. மோனிகா உள்ளிட்ட மற்ற நால்வரும் படுக்கையறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வெளியே வந்தால் இவர்கள் எல்லாவற்றையும் கேட்டது தெரிந்துவிடும். மணிக்கணக்கில் அடைபட்டுப் பசி தாங்காமல், அழகுப் பராமரிப்புக்காக வாங்கிவைத்த மெழுகைத் தின்கிறார்கள். சிரிக்க வைக்கும் காட்சிதான். ஆனால் அவர்கள் அங்கே அடைபட்டிருப்பது இருவர் மேலும் வைத்த அன்பினால். கதவுக்கு இந்தப் பக்கத்துக் கோமாளித்தனமும் அந்தப் பக்கத்துத் துயரமும் ஒரே நிகழ்வின் இரு பாதிகள். பேச்சு முற்றும்போது கேமரா உள்ளே திரும்புகிறது. நால்வரும் சிரிக்க வைக்க ஒன்றும் செய்யாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் இருவர் பிரிந்தால் கூட்டமே உடையும் என்பது அந்த முகங்களில் தெரிகிறது.

ராஸ், ரேச்சல் கதையின் பலம் முதல் மூன்று சீசன்களில் இருந்தது. அப்போது தடையாக நின்றது ராஸின் பொறாமை; நம்மைச் சிரிக்க வைத்ததும் அதே பொறாமை. பிறகு தடைகள் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டன: வேறொரு திருமணம், குடிபோதையில் ஒரு திருமணம், பாரிஸில் ஒரு வேலை. 2004 மே 6 அன்று, கடைசி எபிசோடில், ரேச்சல் பாரிஸ் விமானத்திலிருந்து இறங்கி வந்ததை அமெரிக்காவில் ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி முதல் மூன்று ஆண்டுகள் சேர்த்துவைத்த முதலிலிருந்து எடுத்தது.

சாண்ட்லர் சிரிப்பை நிறுத்தும் இடம்

இந்தத் தொடரின் ஆழமான காதல் கதை திட்டமிட்டு வந்ததல்ல. 1998இல் நான்காம் சீசனின் இறுதியை லண்டனில் பார்வையாளர் முன்னிலையில் எடுத்தார்கள். அதுவரை நண்பர்களாக மட்டுமே இருந்த சாண்ட்லரும் மோனிகாவும் ஒரே படுக்கையில் இருப்பது தெரிந்த கணத்தில் எழுந்த ஆரவாரம் படைப்பாளிகளே எதிர்பாராத அளவுக்கு நீண்டது. சில எபிசோடுகளில் முடியவேண்டிய உறவு தொடரின் முதுகெலும்பாக மாறியது.

சாண்ட்லர் எதற்கெடுத்தாலும் வேடிக்கையாகப் பேசுபவன். சிறுவயதில், ஒரு விருந்து நாளில், பெற்றோர் பிரியப்போவதாகச் சொன்னதிலிருந்து அது அவனுக்குக் கவசம். இந்தக் கவசம் எப்படிக் கழற்றப்படுகிறது என்பதே அவன் காதல் கதை. 1999 பிப்ரவரியில் வந்த, அலெக்ஸா ஜங் எழுதிய எபிசோடை எடுத்துக்கொள்வோம். இருவரின் ரகசியம் நண்பர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஒப்புக்கொள்ள வைப்பதற்காகத் தோழி ஃபீபி சாண்ட்லரிடம் மோகம் கொண்டவளாக நடிக்கிறாள். அவளுக்குத் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்ட சாண்ட்லரும் மோனிகாவும் பதிலுக்கு நடிக்கிறார்கள். இரு தரப்பில் யார் முதலில் பின்வாங்குவது என்ற போட்டி. ஃபீபியும் சாண்ட்லரும் ஓரடி இடைவெளியில் நிற்கிறார்கள்; தொடவும் கூச்சம், தோற்கவும் மனமில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மெல்ல மெல்ல முத்தம்வரை போகிறார்கள். அடுத்த நொடி சாண்ட்லர் உடைந்து, மோனிகாவைக் காதலிப்பதாகக் கத்திவிடுகிறான். குளியலறைக்குள் ஒளிந்திருந்த மோனிகா வெளியே வருகிறாள். அவன் அதையே அவளிடம் நிதானமாகச் சொல்கிறான். ஃபீபியின் முகம் மாறுகிறது. அவர்கள் சும்மா பழகுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

இந்தக் காட்சியில் சிரிப்பை நிறுத்திக் காதலைத் தொடங்கிய இடம் என்று எதுவும் இல்லை. விளையாட்டை அதன் எல்லைவரை தள்ளியபோது, அதற்கு மேல் விளையாட முடியாத ஒன்று சாண்ட்லரிடம் இருந்தது வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதத்துத் திருமணக் கோரிக்கைக் காட்சியும் இந்த வழியில் வந்ததுதான். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே மண்டியிட்ட மோனிகா அழுகையால் பேச்சை முடிக்க முடியாமல் தவிக்கும்போது, எந்தச் சங்கடத்தையும் வேடிக்கையால் கடந்துவந்த அந்த மனிதன் வேடிக்கையை விட்டுவிட்டு மிச்சத்தைப் பேசி முடிக்கிறான். சேர்ந்த பிறகும் இந்த ஜோடி ஐந்தாறு ஆண்டு சிரிக்க வைத்தது. சேர்ந்தால் கதை செத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மறுப்பு இல்லை.

வடிவத்தோடு விளையாடியவர்கள்

பிபிசியில் 2000 முதல் 2004 வரை வந்த ‘கப்ளிங்’ தொடரை ஸ்டீவன் மொஃபாட் எழுதினார். தயாரித்தவர் அவர் மனைவி சூ வெர்ச்சூ. நாயகன் ஸ்டீவ், நாயகி சூசன் என்ற பெயர்களே அவர்களுடைய சொந்தக் கதையைச் சுட்டுபவை. மூன்றாம் சீசனின் முதல் எபிசோடில் ஸ்டீவும் சூசனும் பிரிகிறார்கள். திரையும் இரண்டாகப் பிளக்கிறது. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். இருவருடைய நண்பர்களின் அபத்தமான ஆறுதல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. சிரிப்புக்காகச் செய்த அந்த உத்தி பிரிவின் தனிமையையும் கண்முன் வைத்தது.

‘ஹௌ ஐ மெட் யுவர் மதர்’ (2005–2014) எடுத்துக்கொண்ட பந்தயம் இன்னும் பெரியது. அப்பா டெட் 2030இல் பிள்ளைகளுக்கு அம்மாவைச் சந்தித்த கதையைச் சொல்கிறார். தாமதமே நகைச்சுவை, தாமதமே ஏக்கம். எட்டாம் சீசனில் ஓர் எபிசோட் முழுக்க டெட் மதுக்கடையில் தன் வருங்கால உருவங்களோடு வாதாடுகிறான். கடைசியில் அவன் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. வேடிக்கையின் மூலம் தனிமையைச் சொன்ன அருமையான எழுத்து அது.

அதே தொடரின் முடிவுதான் இந்தத் துறை மறக்கக்கூடாத எச்சரிக்கை. பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால் இறுதிக் காட்சியில் அவர்களுக்குரிய பகுதியை முன்கூட்டியே, தொடரின் தொடக்க ஆண்டுகளில் படமாக்கி வைத்துவிட்டார்கள். அம்மா இறந்துவிட்டாள், அப்பா தன் பழைய காதலி ராபினிடம் போகட்டும் என்பது அந்த முடிவு. ராபினுக்குப் பிள்ளைகள் வேண்டாம், டெட்டுக்குக் குடும்பம் வேண்டும். குணத்திலிருந்து பிறந்த நேர்மையான தடை அது. டெட்டின் நண்பன் பார்னியோடு ராபினின் உறவை வளர்க்க ஆண்டுகள் செலவிட்டார்கள். கடைசி சீசன் பெரும்பாலும் அவர்களுடைய திருமண வார இறுதியிலேயே கழிந்தது. பிறகு ஒரே எபிசோடில் அந்தத் திருமணம் முறிந்தது, அம்மாவும் இறந்தாள். ஆட்கள் வளர்ந்துவிட்டார்கள், முடிவு வளரவில்லை. பார்வையாளர் கொதித்ததில் வியப்பில்லை.

சும்மா இருந்த வாரங்கள்

ஆண்டுக்கு 24 எபிசோட் என்ற பழைய ஏற்பாட்டில் காதல் நகராத வாரங்கள் நிறைய இருந்தன. ஒரு நாற்காலிக்காகச் சண்டை, சோபாவை மாடியேற்றும் பாடு, விருந்துக்குக் கிளம்புவதற்குள் நடக்கும் ரகளை என்று எபிசோடுகள் போயின. கதைச்சுருக்கம் எழுதுபவர்கள் இவற்றை விட்டுவிடுவார்கள். ஆனால் சாண்ட்லர் எதற்குப் பயப்படுவான், மோனிகா எதில் விட்டுக்கொடுக்கமாட்டாள் என்று நாம் அறிந்தது அந்த வாரங்களில்தான். அந்தப் பழக்கம் இருந்ததால் மெழுகுவர்த்திக் காட்சியில் அவன் பேசிய சில வாக்கியங்கள் போதுமானதாயின.

இன்று ஸ்ட்ரீமிங் தளங்களில் சீசனுக்கு எட்டு, பத்து எபிசோட்தான். ஒவ்வொன்றும் கதையை நகர்த்தியாகவேண்டும். சும்மா இருக்கும் வாரத்துக்கு இடமில்லை. அதனால் காதல் பரபரப்பாகிறது, சிரிப்பு அதற்கு இடைவேளையாகிறது. தொடக்கத்தில் சொன்ன பங்கு பிரிக்கும் கணக்கு திரும்ப வந்துவிடுகிறது. குறைந்த எபிசோடுகளிலும் இதைச் சாதிக்க முடியும். ‘கப்ளிங்’ நான்கு சீசனிலும் சேர்த்து 28 எபிசோட்தான். அதற்கு எழுத்தாளர்கள் செய்யவேண்டியது, நாயகனும் நாயகியும் எப்போது சேர்வார்கள் என்ற திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, இவர்கள் எதனால் சிரிப்புக்கு ஆளாகிறார்கள் என்பதை முதலில் கண்டுபிடிப்பது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்களுடைய காதலின் தடையும் கையில் இருக்கும். அந்தத் தடையை அவர்களே தாண்டும்வரை பொறுத்திருக்க எழுத்தாளருக்கு எபிசோடும் துணிவும் கிடைக்கவேண்டும். தளங்களை நடத்துபவர்கள் தரவேண்டியது அந்த அவகாசத்தை.