கைதட்டப் பழகும் நெஞ்சம்

2025 ஆகஸ்ட் 14இல் வெளியான ‘கூலி’ திரைப்படத்திற்குத் தணிக்கை வாரியம் ‘ஏ’ சான்றிதழ் வழங்கியது. அதனை ‘யு/ஏ’வாக மாற்றக் கோரித் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. வேறு சண்டைப் படங்கள் ‘யு/ஏ’ பெற்றுள்ளனவே என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. ஆகஸ்ட் 28இல் மனு தள்ளுபடியாயிற்று. சிறார்க்கு இப்படம் ஆகாது என்ற முடிவு நிலைத்தது. ஆயின், இரு வாரங்களில், செப்டம்பர் 11இல், அதே படம் அமேசான் பிரைம் வழியாகக் கைப்பேசிக்கு வந்துவிட்டது.

ஆந்திர எல்லையை ஒட்டிய பொதட்டூர்பேட்டை போன்ற விசைத்தறி ஊரை எண்ணிப் பார்ப்போம். தமிழும் தெலுங்கும் ஒருங்கே புழங்கும் ஊர். இருமொழிப் படங்களும் பிள்ளைகளுக்கு விளங்கும். தாயும் தந்தையும் தறியில் நிற்கையில் பிள்ளையின் கையில் கைப்பேசி. தறி ஓடும் இரைச்சலில் படத்தின் துப்பாக்கி ஓசை பெரியோர் காதில் விழுவதில்லை. திரையரங்க வாசலில் நின்ற தடைக்கு இவ்வீட்டில் வேலையே இல்லை.

சான்றிதழ் பெரும்பாலும் குருதியின் அளவையே நோக்குகிறது. நாம் அஞ்சுவது வேறொன்றை. அதே தயாரிப்பாளரின் ‘ஜெயிலர்’ 2023இல் ‘யு/ஏ’ பெற்றது. பேரன்மீது உயிரையே வைத்திருக்கும் தாத்தா அதன் நாயகர். அவர் ஒருவனின் தலையை வெட்டுகிறார். சிரிப்பும் கொலையும் மாறி மாறி வருகின்றன. இயக்குநரின் திறமையை மறுப்பதற்கில்லை. அத்திறமையே ஆபத்து. வெட்டுண்டவனுக்காகப் பதற வேண்டிய கணத்தில் அரங்கம் கைதட்டுகிறது, குழந்தையும் தட்டுகிறது. ‘கூலி’யிலோ பிணங்களைச் சாம்பலாக்கும் ஒரு நாற்காலியே கதையின் அச்சு. அங்கே மனித உடல், அப்புறப்படுத்த வேண்டிய சரக்கு.

உளவியலார் ஆல்பர்ட் பாண்டுரா 1965இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்பட்டதைக் கண்ட குழந்தைகள் அவரைக் குறைவாகவே பின்பற்றினர். கண்டதைச் செய்து காட்டினால் வெகுமதி உண்டு என்றதும் அவ்வேறுபாடு மறைந்தது. அதாவது, எல்லோரும் கற்றிருந்தனர். சிலர் வெளிக்காட்டவில்லை, அவ்வளவே. பொம்மையை அடித்த பிள்ளை கொலையாளியாகும் என்பது இதன் பொருளன்று. எனினும், நம் நாயகர்கள் தண்டிக்கப்படுவதுண்டா? கொல்லுந்தோறும் அவர்க்குப் பின்னணி இசையும் ஆரவாரமுமே வெகுமதி.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) எழுந்து நின்றதையும், தோழர்கள் வியந்தபோது, அவரும் ஓர் உயிரன்றோ என வினவியதையும் புகாரீயில் காண்கிறோம். தனக்கு வேண்டியவர் அல்லாதவரின் இறப்புக்கும் நெஞ்சில் இடம் விடுதல் இது. மக்தபில் காலையில் இதைக் கேட்கும் பிள்ளை, மாலையில் திரையில் பெயரற்ற அடியாட்கள் வரிசையாய் வீழக் கண்டு மகிழ்கிறது. எது ஆழமாய்ப் பதியும்?

பொழுதுபோக்கையே விலக்குவோர் கட்சியில் நாம் இல்லை. ஓதி முடித்த சிறுவனை விளையாட விட வேண்டும், தடுத்தால் அவன் உள்ளம் மடியும் என்று இஹ்யாவில் எழுதியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஆட்டம் தேவை, எந்த ஆட்டம் என்பதே கேள்வி.

13 வயதும் அதற்கு மேலும் என வகைப்படுத்தப்பட்ட இணையப் படைப்புகளுக்குப் பெற்றோர் பூட்டிடும் வசதி இருந்தாக வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டு விதி. அப்படி ஒரு பூட்டு இருப்பதே பல தறிக்காரர் வீடுகளில் தெரியாது. மக்தப் பெற்றோர் கூட்டத்தில் உஸ்தாத்மார்கள் அதைப் போட்டுக் காட்டப் பத்து நிமிடம் போதும்.