நெற்றியில் முத்திரை குத்தும் செஸ்னா 172

செஸ்னா 172 பற்றிய விவரங்கள் விமானியாக ஆசைப்படும் எந்தப் பிள்ளைக்கும் மனப்பாடம். 1956-இல் சந்தைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது; வேறெந்த விமானமும் இத்தனை தயாரானதில்லை. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். நம் நாட்டுப் பயிற்சிப் பள்ளிகள் பலவற்றில் நிற்கும் 172எஸ் ரகத்துக்கு 180 குதிரைத்திறன். விளம்பரத் தாளில் இல்லாத ஒன்று உண்டு: வாரக்கணக்கில் இதோடு பழகுகிறவர் உடம்பில் விழும் அடிகள்.

குன்னம் பக்கத்திலிருந்து விமானப் பயிற்சிக்குப் போன மாணவர் ஒருவர் முதல் விடுமுறைக்கு வீடு வந்தபோது நெற்றியில் ஒரு வெட்டு ஆறிக்கொண்டிருந்தது. “என்னடா தம்பி, வண்டியில கிண்டில விழுந்துட்டியா?” என்று அம்மா பதறினார். “இல்லம்மா, நின்னுக்கிட்டிருந்த பிளேன்ல முட்டிக்கிட்டேன்” என்றார் பிள்ளை. அம்மா நம்பவில்லை. ஆனால் அது உண்மை.

172-இன் இறக்கை கூரைக்கு மேலே இருக்கிறது. வெயிலுக்கு நிழல், தரையைப் பார்க்கத் தடையில்லை. இரண்டும் பெரிய வசதி. ஆனால் பறக்கும் முன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும்போது இறக்கையின் பின்பக்க மடலான ஃபிளாப்பைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். அப்போது அதன் பின்விளிம்பு, நடுத்தர உயரமுள்ள ஒருவரின் நெற்றி மட்டத்துக்கு வந்து நிற்கிறது. மெல்லிய அலுமினியத் தகடு வளையாமலிருக்க அதில் முன்பின்னாக மடிப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்த மடிப்பு முடியும் விளிம்பில் முட்டினால் வைர வடிவத்தில் தழும்பு விழும். உலகமெங்கும் விமானிகள் அதை ‘செஸ்னா டைமண்ட்’ என்றே அழைக்கிறார்கள்.

ஒருமுறை குனிந்தால் போதும் என்றால் பரவாயில்லை. 172எஸ்-இல் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க, இறக்கைக்கு ஐந்து வீதமும் மூக்கின் அடியில் மூன்றுமாக மொத்தம் 13 இடங்களில் மாதிரி எடுக்க வேண்டும். பத்து இடங்கள் இறக்கைக்குக் கீழே. கையை உயர்த்தி மாதிரிக் குப்பியால் வால்வை அழுத்தும்போது நீல நிறப் பெட்ரோல் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை இறங்கும். அதில் ஈயம் கலந்திருக்கிறது. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கழுவியே ஆக வேண்டும். கண் குப்பியில் இருக்க, கால் நகர, தலை நிமிர்ந்தால் அடி. தொப்பி போட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல், ஏனென்றால் தொப்பியின் முன்விளிம்பு பார்வையை மறைத்துவிடுகிறது.

இவ்வளவு காலத்தில் இந்த விமானத்தில் எவ்வளவோ மாற்றிவிட்டார்கள். கடிகார முட்கள் போய் ஜி1000 திரைகள் வந்தன. 1986-இல் நின்ற தயாரிப்பு பத்தாண்டு கழித்து மீண்டும் தொடங்கியபோது இருக்கைகளும் மேம்பட்டன. அந்த விளிம்பு மட்டும் மாறவே இல்லை. அதில் நிரந்தரமாக எதையும் ஒட்ட முடியாது, எடையும் காற்றோட்டமும் மாறும் என்பது சரியான வாதம்தான். ஆனால் தரையில் நிற்கும்போது மாட்டி, புறப்படுமுன் கழற்ற, சிவப்பு நாடா தொங்கும் ஒரு பஞ்சு உறையை விமானத்தோடு சேர்த்தே கொடுக்கலாமே! காற்றுவேகம் அளக்கும் பிட்டாட் குழாய்க்கு உறை இருக்கிறது. மனிதர் தலைக்கு இல்லை.

மற்ற தொல்லைகள் சிறியவை. உள்ளே ஒரு மீட்டர்தான் அகலம் என்பதால் பயிற்றுநரின் தோளும் மாணவரின் தோளும் உரசிக்கொண்டே இருக்கும். ஹெட்செட் இறுக்கத்தில் காதுக்கு மேல் வலியெடுக்கும். மழையில் காற்றுத்துளை வழியாகத் தொடையில் சொட்டும்.

குலுக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருச்சியிலிருந்து புதுச்சேரிக்கு நேர்கோடு போட்டால் அது அரியலூர் வழியாக, குன்னத்துக்குக் கிழக்கே போகும். கீழே கரிசல் காடு, நடுநடுவே வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். சித்திரை வெயிலில் இரண்டும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. அதிகம் சூடேறிய இடத்திலிருந்து காற்று மேலே கிளம்புகிறது, பக்கத்திலேயே கீழிறங்குகிறது. முழு எடையில் 172-இன் இறக்கை ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமப்பது சுமார் 71 கிலோ. பயணிகள் விமானமான ஏடிஆர் 72 சுமப்பது அதைப்போல ஐந்து மடங்கு. அதனால்தான் ஏடிஆர் பயணி லேசாக உணரும் அதே காற்று, செஸ்னாவில் இருப்பவர் தலையைக் கூரையில் இடிக்கிறது. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, வேகத்தை 105 நாட் (மணிக்குக் கடல் மைல்) அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். எடை குறைவாக இருந்தால் இன்னும் கீழே. விமானத்தின் எலும்புக்கூட்டுக்கு அப்போது ஆபத்து குறைவு.

இத்தனைக்கும் பிறகு இதை வெறுக்க முடியவில்லை. 1958 டிசம்பரில் லாஸ் வேகஸில் கிளம்பிய ஒரு 172, இரண்டு பேருடன் 64 நாட்களுக்கு மேல் தரை தொடாமல் பறந்தது. ஓடும் லாரியிலிருந்து குழாய் வழியாக எரிபொருள் ஏற்றிக்கொண்டார்கள். அவ்வளவு உழைக்கும் வண்டி இது. தவறு செய்யும் மாணவரை இதைவிடப் பொறுமையாகத் தாங்கும் விமானம் அரிது.

கற்றுக்கொள்ள 172-ஐத் தேர்ந்தெடுக்கலாம், தயங்க வேண்டாம். பயிற்சிப் பள்ளி நடத்துவோர் ஃபிளாப் விளிம்புக்கு உறை தைத்துக் கொடுங்கள், கழற்றிய உறையை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் சோதனை முடியும்வரை தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.