வாக்கு யாருடைய சொல்? – திண்டுக்கல் வாக்காளரின் சலிப்பை முன்வைத்து

“எல்லாப் பயலும் ஒண்ணுதான்.” யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் தேர்தல் முடிந்து, டில்லியில் பேரங்கள் தொடங்கியதும் திண்டுக்கல் பேருந்து நிலையத்து டீக்கடையிலிருந்து சின்னாளபட்டித் தறிக்கூடம் வரை கேட்கக் கிடைக்கும் வாக்கியம் இது. இதற்கு நம் ஆட்களிடம் இரண்டு வாசிப்புகள் தயாராக உண்டு. கட்சிக்காரர்கள் இதை அரசியல் அறியாமை என்பார்கள். தேர்தல் பாதையை மறுக்கும் நண்பர்களோ, நாடாளுமன்றத்தின் மீதான மாயை கலைந்துவிட்டது என்று கொண்டாடுவார்கள். இரு தரப்பும் வாக்கியத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. யார் சொல்கிறார், எந்த அனுபவத்திலிருந்து சொல்கிறார் என்று கேட்காமல் ஒரு பிரதியை வாசிக்க முடியாது என்று கவிதைக்கும் கதைக்கும் வாதாடுகிற நாம், தெருவில் புழங்கும் வாக்கியத்துக்கு மட்டும் அந்த மரியாதையைத் தருவதில்லை.

பெரிய கட்சிகள் மீதான கசப்புக்குத் திண்டுக்கல்லில் ஒரு வரலாறு இருக்கிறது. 1972 அக்டோபரில் தொடங்கப்பட்ட அ.தி.மு.க., 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவரை இரட்டை இலைச் சின்னத்தில் நிறுத்தி வென்றது. ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அந்தக் கசப்புக்குப் போக ஓர் இடம் இருந்தது, அதற்கு ஒரு புதிய சின்னமும் கிடைத்தது. ஆனால் 1980இல் அதே மாயத்தேவர் அதே தொகுதியில் உதயசூரியனில் நின்று வென்றார். ஆள் அதே ஆள்தான், பொருள் மட்டும் தலைகீழ். சின்னத்துக்கும் பொருளுக்கும் இடையிலான முடிச்சு எவ்வளவு தளர்வானது என்பதைத் திண்டுக்கல் நம் கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கு முன்பே கண்டுவிட்டது.

முடிச்சு முற்றாக அவிழ்ந்தது 1996க்கும் 1999க்கும் இடையில். அந்த மூன்றரை ஆண்டுகளில் மூன்று நாடாளுமன்றத் தேர்தல்கள். 1996இல், அ.இ.அ.தி.மு.க.வோடு கூட்டு வைத்த நரசிம்மராவின் முடிவை எதிர்த்துக் காங்கிரசிலிருந்து வெளியேறியவர்கள் தமிழ் மாநிலக் காங்கிரசை அமைத்தார்கள். தி.மு.க.வோடு சேர்ந்த அந்த அணி மாநிலத்தின் 39 தொகுதிகளையும் வென்றது. திண்டுக்கல்லில் என்.எஸ்.வி. சித்தன் வென்றார். காங்கிரஸ் வேண்டாம் என்பதும் அந்த ஓட்டின் பொருள்களில் ஒன்று. ஆனால் அந்த ஓட்டால் உருவான ஐக்கிய முன்னணி ஆட்சி காங்கிரசின் வெளி ஆதரவில்தான் மூச்சு விட்டது. 1997இல் காங்கிரஸ் இருமுறை கையை எடுத்தது. தேவகவுடாவும் போனார், குஜ்ராலும் போனார்.

1998இல் திண்டுக்கல் இரட்டை இலைக்குத் திரும்பியது, சி. சீனிவாசன் வென்றார். அ.இ.அ.தி.மு.க. அணியின் 30 இடங்கள் வாஜ்பாயைப் பிரதமராக்கின. 1999 ஏப்ரலில் அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, 17ஆம் தேதி 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் அரசு விழுந்தது. அதுவரை எதிரணியில் இருந்த தி.மு.க. அன்று பா.ஜ.க. அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. சில மாதங்களில் வந்த அடுத்த தேர்தலில் அதே சீனிவாசன், அதே இரட்டை இலை, அதே திண்டுக்கல், அதே வெற்றி. ஆனால் இம்முறை கூட்டணி காங்கிரசோடு. பேகம்பூரில் பழைய விசுவாசத்தில் இரண்டு முறையும் இலைக்கே குத்திய ஒரு தோல் பதனிடும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் கை மாறவில்லை. அவர் ஓட்டு மட்டும் ஒருமுறை பா.ஜ.க. ஆட்சியாகவும் மறுமுறை பா.ஜ.க. எதிர்ப்பாகவும் எண்ணப்பட்டது. இவர் “எல்லாப் பயலும் ஒண்ணுதான்” என்றால் அதில் அறியாமை எங்கே இருக்கிறது? அது துல்லியமான வாசிப்பு.

குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்றார் சசூர். ‘இடுகுறி’ என்ற சொல் நன்னூல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சசூரின் இன்னொரு பாதியை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம்: அந்த உறவைத் தனியொருவர் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது, அது பேசும் சமூகத்தின் பொதுச் சொத்து. நம் தேர்தல் மொழியிலோ பேசும் சமூகம் ஓட்டுச் சாவடியோடு வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. சின்னத்தின் பொருளை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றும் உரிமை தலைமையிடம் தங்கிவிடுகிறது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமும் இதைத் தொடவில்லை. தனி உறுப்பினர் தாவினால் பதவி போகும். முழுக் கட்சியும் தாவினால் அதற்குப் பெயர் ‘அரசியல் முடிவு’. தமிழில் ஓட்டுக்கும் கொடுத்த சொல்லுக்கும் ‘வாக்கு’ என்று ஒரே சொல். நாம் கொடுக்கிறோம், தவறுகிறவர்கள் வேறு ஆட்கள்.

இந்தச் சலிப்புக்கு இரண்டு மருந்துகள் விற்கப்படுகின்றன. ஒன்று ‘நிலையான ஆட்சி’. 1998இல் பா.ஜ.க. விற்ற சரக்கும் இதுவே. கூட்டணி என்றாலே குழப்பம், தனிப்பெரும்பான்மையும் வலுவான தலைவரும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறது மத்தியதர வர்க்கச் சொல்லாடல். ஆனால் நம் வாக்காளரின் புகார் ஆட்சி ஆடியது என்பதல்ல. தன்னைக் கேட்காமல் ஆட்டினார்கள் என்பது. ஒரே கட்சி ஆண்டால் கேட்டுவிடுவார்களா என்ன?

மற்றொன்று மறுப்பை எண்ணிக்கையாக்குவது. அதே 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் விவசாயிகளின் எதிர்ப்பாக 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகிப் போனது. அதே ஆண்டு அரசு நாடாளுமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகையை 500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கியது. குறைக்குப் பதில் சொல்லாமல் குறை சொல்பவரின் நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ‘நோட்டா’ வந்தது. 2024இல் இந்தூரில் 2,18,674 பேர் அதை அழுத்தினார்கள். வெற்றி பெற்றவரின் வெற்றிக்கு ஒரு கீறலும் இல்லை. நோட்டா சலிப்பைப் பதிவு செய்துகொள்கிறது. பதில் சொல்லும் கடமை அதனால் யாருக்கும் வருவதில்லை.

இங்கே புறக்கணிப்பை முன்வைக்கும் நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் விளிம்பிலேயே, நிலக்கோட்டைக்குத் தெற்கே உசிலம்பட்டி வட்டாரத்தில், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் தேர்தலை 1996 முதல் பத்தாண்டுகள் ஒழுங்காக நடக்கவிடவில்லை ஆதிக்க சாதியினர். நத்தத்துக்கு அடுத்த மேலூர்ப் பக்கம் மேலவளவில், வென்று தலைவரான முருகேசனை 1997 ஜூன் 30 அன்று உடன் இருந்தவர்களோடு சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். டில்லியில் ஓட்டின் பொருள் கரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் இவை. ஓட்டுக்குப் பொருளே இல்லையென்றால் அதைத் தடுக்க ஏன் கொலைவரை போனார்கள்? “எல்லாம் ஒண்ணுதான்” என்ற வாக்கியம் மேலவளவின் வாயிலிருந்து வராது. அது வரக்கூடிய வாய்களிலும், ஏமாற்றப்பட்ட பேகம்பூர்த் தொழிலாளியின் வாயும் அரசியலே அழுக்கு என்று ஒதுங்கும் உத்தியோகஸ்தரின் வாயும் ஒன்றல்ல. அவர் தன் சொல்லைத் திருப்பிக் கேட்கிறார். இவருக்குக் கேட்கத் தேவையே இருந்ததில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2024இல் பா.ஜ.க. 240 இடங்களோடு நின்றது. தெலுங்கு தேசமும் ஐக்கிய ஜனதா தளமும் தாங்க ஆட்சி அமைந்தது. திண்டுக்கல்லில் தி.மு.க. அணி சார்பில் மார்க்சிஸ்ட் கட்சியின் இரா. சச்சிதானந்தம் வென்றார். அ.இ.அ.தி.மு.க., 2023 செப்டம்பரில் பா.ஜ.க. உறவை முறித்துக்கொண்டதைச் சொல்லி, இத்தொகுதியை எஸ்.டி.பி.ஐ. கட்சிக்குக் கொடுத்திருந்தது. அந்தச் சொல்லை நம்பி அந்த அணிக்கு 2024 ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டவருக்கு ஓராண்டுகூட நிறையவில்லை. 2025 ஏப்ரல் 11 அன்று அ.இ.அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி மறுபடி அறிவிக்கப்பட்டது.

ஆகவே சலிப்பைக் கொண்டாடுவதும் வேண்டாம், அதற்கு வைத்தியம் பார்ப்பதும் வேண்டாம். அதைக் கேள்வியாக மொழிபெயர்ப்பதுதான் எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் செய்யக்கூடியது. கேள்வி எளிமையானது: “எங்க ஓட்டை வாங்கிட்டு நாளைக்கு நீங்க பக்கம் மாறினா, மாறுறதுக்கு முன்னாடி இங்க வந்து எங்களைக் கேப்பீங்களா?” எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இதற்கான பதிலை நான் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவரை வாசலில் நிறுத்தி இதைக் கேட்கிற தெருக்கள் பத்து உருவானால், அது பத்துப் புறக்கணிப்புத் துண்டறிக்கைகளைவிடக் கட்சிகளுக்குச் சங்கடமாக இருக்கும்.