காத்திருந்து படைத்தவன்

ஒசாமு தெசுகாவின் ‘நெருப்புப் பறவை’ சித்திரத் தொடரில் ‘எதிர்காலம்’ என்ற பாகம் 1967 டிசம்பரில் தொடங்கி 1968 வரை ஜப்பானில் ‘காம்’ இதழில் வந்தது. மசாதோ என்ற இளைஞன் அதில் ஓர் உலகத்துக்கே மறுபடி உயிரூட்டுகிறான். அவன் செய்யும் பெரிய வேலை காத்திருப்பது. அசையாத கட்டங்களைக் கொண்டு அந்தக் காத்திருப்பைத் தெசுகா வரைந்திருக்கும் விதம் எனக்குத் தெவிட்டுவதே இல்லை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 3404. பூமியின் மேற்பரப்பு வாழத் தகுதியில்லாமல் போய், மிஞ்சிய மனிதர்கள் ஐந்து நிலத்தடி மாநகரங்களில் கணினிகளின் ஆட்சிக்குள் கிடக்கிறார்கள். கணினிகள் ஒன்றோடொன்று மோத, ஐந்து நகரங்களும் அணுகுண்டுகளில் ஒரே நேரத்தில் அழிகின்றன. நெருப்புப் பறவை சாகாவரம் கொடுத்துவிட்டதால் மசாதோவுக்கு மட்டும் சாவு கிடையாது.

தனியாகிவிட்ட அவன் ஒரு பேழையைக் கண்டுபிடிக்கிறான். உள்ளே யாரோ உறங்குகிறார். 5000 ஆண்டு கழித்துத்தான் அது திறக்கும். பேச ஒரு துணை கிடைக்கும் என்று அதன் எதிரே உட்கார்ந்துவிடுகிறான். காலம் கடக்கக் கடக்க நமக்கும் அந்த மூடியின்மேல் ஆசை வந்துவிடுகிறது. கடைசியில் மூடி திறக்கிறது. உள்ளே இருப்பது தூசி. ஐந்து நகரங்கள் எரிந்ததைவிட இந்த ஒரு பிடித் தூசிதான் என்னை உலுக்குகிறது. கோடிக்கணக்கானோர் செத்தார்கள் என்பது செய்தி. எதிர்பார்த்த ஒருவர் வராமல் போவதோ துக்கம்.

பறவை அவனை அழைத்துக்கொண்டு போகும் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் அணுவுக்குள்ளே இறங்குகிறார்கள். அங்கே துகள்கள் கோள்களாகச் சுற்றுகின்றன. பிறகு வெளியே, வெளியே என்று போனால் விண்மீன் மண்டலங்களே ஏதோ ஒரு பெரிய உயிரின் உயிரணுக்களாகத் தெரிகின்றன. அண்டமும் பிண்டமும் ஒன்று என்ற பேச்சு நமக்குக் கேட்டுப் பழகியதுதான். அந்தப் பழைய எண்ணத்தைக் கண்ணுக்கு எதிரே நிறுத்துவது ஓவியனின் வேலை. உள்ளே போனாலும் வெளியே போனாலும் அதே உருண்டைகள், அதே சுழல்கள். எது பெரிது, எது சிறிது என்ற கணக்கு நம் கையைவிட்டு நழுவிவிடுகிறது.

கதையின் முற்பகுதியில் சருதா என்ற விஞ்ஞானி கண்ணாடிக் குழாய்களுக்குள் செயற்கை உயிர்களை வளர்ப்பார். குழாயைவிட்டு வெளியே எடுத்தால் அவை பிழைக்காது. மசாதோவோ கடைசியில் உயிருக்கான மூலப்பொருள்களைக் கடலில் கலந்துவிட்டு ஒதுங்கிவிடுகிறான். எதையும் குறிப்பிட்ட உருவத்தில் செய்ய முயலாமல், வருவது வரட்டும் என்று விட்டபிறகுதான் உயிர் வருகிறது.

அப்படி வந்த உயிர்களில் முதலில் அறிவு பெறுவது மனிதன் அல்ல, நத்தையினத்து ஓடில்லாப் பூச்சிகள்! அவை நகரம் கட்டுகின்றன, இரண்டு கட்சியாகப் பிரிந்து போரிடுகின்றன, பூண்டற்றுப் போகின்றன. தெசுகா மருத்துவம் படித்தவர். 1961இல் முனைவர் பட்டம் வாங்கியது குளத்து நத்தையின் விந்தணுக்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து. அந்தப் பொறுமையான பார்வைதான் இந்தப் பூச்சிகளை வெறும் வேடிக்கையாக விடாமல் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். கடைசிப் பூச்சியின் புலம்பலைப் படிக்கும்போது அதன் வழவழப்பான உடம்பு நமக்கு மறந்துவிடுகிறது.

இதற்குள் மசாதோவின் உடம்பு கரைந்து, வெறும் உணர்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது. கோடானுகோடி ஆண்டுகளுக்குப் பின் மறுபடி மனிதர்கள் வருகிறார்கள். இந்த முறையாவது உயிரைச் சரியாகப் பயன்படுத்துவார்கள் என்று பறவை நம்ப விரும்புகிறது.

வெளியிட்ட வரிசையின் நயம் இங்கேதான் தெரிகிறது. தெசுகா ‘எதிர்காலம்’ வரைவதற்கு முன்பே, அதே 1967இல், ஆதிகாலத்தில் நடக்கும் ‘விடியல்’ என்ற பாகத்தை முடித்திருந்தார். இந்தக் கதை வட்டமடித்துப் போய்ச் சேர்வது அந்த ஆதிகாலத்துக்குத்தான். சாகாவரத்துக்காகப் பறவையின் இரத்தத்தைத் தேடிய ஹிமிகோ அரசியையும், ஊர் ஊராக அழித்த படைகளையும் அன்றைய வாசகர்கள் ஏற்கெனவே படித்திருந்தார்கள். பறவை யாரை நம்புகிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.