பழுப்புக் கோடுகளின் ஊர்

மேற்கு டெக்சாஸின் மார்ஃபா, 1880களில் நீராவி இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ரயில் நின்றதால் முளைத்த ஊர். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். அந்தப் பக்கத்து நில அளவை வரைபடங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அவற்றை வரைந்தது 1879இல் தொடங்கிய அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை. அதன் ஆரம்பகால வரைபடங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். மனிதர் கட்டியது கறுப்பு, நீர் நீலம், மேடுபள்ளம் பழுப்பு. பழுப்புக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. விலகினால் மேய்ச்சல் வெளி. அதன் நடுவே குறுக்குக் கீற்றுகளோடு ஓடும் கறுப்புக் கோடுதான் ரயில் பாதை.

எனக்கு மிகப் பிடித்தவை பொடி எழுத்துகள். ஆளரவமற்ற வெளியில் ‘விண்ட்மில்’ என்றிருக்கும். நிலத்தடி நீரை இறைக்கும் காற்றாலை. ‘டேங்க்’ என்றால் மாடு குடிக்க வெட்டிய குட்டை. நம்மூர் ஏரிகளையும் ஆங்கிலேயர் இதே சொல்லால்தான் எழுதிவைத்தார்கள்! வறண்ட பூமியில் ஒரு குட்டையைக்கூடப் பொருட்டாக மதித்துக் குறித்தவர்களை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

பிற்காலத் திருத்தப் பதிப்புகளில் ஊதாவும் சேர்ந்தது. விமானப் படத்தைப் பார்த்துச் சேர்த்த மாற்றங்களுக்கான நிறம் அது. ஒரே தாளில் கறுப்பில் பழைய தெரு, அதை ஒட்டி ஊதாவில் புதுத் தெரு.